உள்ளே இடம் இருக்கிறது

அன்புள்ள அப்பா,

கடிதம் எழுதியதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். தபால்காரர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுமே நெஞ்சு திக்கென்று ஆகியிருக்கும். நம் வீட்டுக்குக் கடிதம் என்று ஒன்று வந்தால் யாராவது போயிருப்பார்கள், இல்லையென்றால் எதையாவது காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். இது அந்த இரண்டும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். வேலை இருக்கிறது. காலையும் ராத்திரியும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், மதியமும் பெரும்பாலும் சாப்பிடுகிறேன். இதுவரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்பீர்கள், நான் "ம்" என்பேன், உடனே "சரி, வச்சிடவா" என்பீர்கள். நம் இருவரில் யார் குறைவாகப் பேசுவது என்று போட்டி வைத்தால் பரிசை இரண்டாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்பதால் எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். லாரி வராத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள்.

அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்க வேண்டாம், பாதிப் பாதியாக எடுத்து வரச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொன்னால் கேட்காது. டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்டதில்லை, நானும் விளக்கிச் சொன்னதில்லை. நகர உள்விளையாட்டு அரங்கத்தின் வாசல் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த அறை எந்த நேரத்தில் யாருக்கு என்று எழுதி வைப்பது, சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, டியூப்லைட் எரியாவிட்டால் திட்டு வாங்குவது. தற்காலிக வேலைதான். பட்டம் வாங்கிய பெண் சாவி எண்ணுகிறாள் என்று வெளியில் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. இங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் சாவிப் பொண்ணு.

போன மழைக்காலம் முடிந்ததும் வெளிநாட்டிலிருந்து இரண்டு புத்த பிக்குகள் இங்கே வந்தார்கள். தங்கள் மடத்தில் பரம்பரையாகப் பழகி வரும் தற்காப்புக் கலையை நம் ஊரில் சொல்லிக்கொடுக்க அனுப்பப்பட்டவர்கள். துறவிகளுக்கு எதற்குச் சண்டை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் நினைத்தேன். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. நெட்டையவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். அவர்களோடு பேச எங்கள் அலுவலகத்தில் ஆளில்லை. பட்டதாரி ஆயிற்றே என்று விளையாட்டு ஆபீசர் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். எனக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேச வராது. நெட்டையவருக்குப் பேச வரும், எழுத வராது. எப்படியோ ஓடியது.

முதல் நாள் நடந்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அரங்கத்தின் சாவியை நெட்டையவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஒரு அடி பின்னால் போய், மேஜையைக் காட்டி, அங்கே வை என்று கையசைத்தார். வைத்தேன். நான் கையை எடுத்த பிறகுதான் அவர் எடுத்தார்.

அப்பா, என் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. நம்மிடம் இப்படிச் செய்பவர்களை நாம் பார்க்காதவர்களா? மார்க்கெட் முனைக் கடைக்காரர் உங்கள் உள்ளங்கையில் மீதியைக் கொடுக்காமல் பலகையில் வீசுவாரே, நீங்கள் ஒன்றும் நடக்காதது போலப் பொறுக்கி எடுத்துக்கொண்டு என் தோளைப் பிடித்து நடப்பீர்களே, அந்தச் சத்தம்தான் என் காதில் கேட்டது. கடல் தாண்டி வந்த மனிதருக்கும் நாம் யார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் அவர்கள் வருவதற்கு முன்பே சாவியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு ரெஜிஸ்டருக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

தொடக்க விழா நடந்தது. ஆபீசரின் மனைவி பட்டுப்புடவையும் பூங்கொத்துமாக மேடை ஏறினார். நீட்டினார். நெட்டையவர் அதேபோல ஒரு அடி பின்னால் போனார். தோளிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் தரையில் விரித்து, அதன் மேல் வைக்கச் சொல்லிக் கும்பிட்டார். அந்தம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பிறகுதான் விளக்கினார்: அவர்களுடைய மடத்தில் பிக்குகள் பெண்களைத் தொடக்கூடாது, பெண்கள் கையிலிருந்து நேரடியாக எதையும் வாங்கவும் கூடாது. அது அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட கட்டு. பெற்ற தாய் கொடுத்தாலும் துணியில்தான். நான் பின்னறைக்குப் போய், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எனக்கும் அந்தம்மாவுக்கும் ஒரே துணி. இப்படி ஒரு சமத்துவத்தை நான் பாடப் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை.

நெட்டையவர் தமிழ் கற்றுக்கொண்ட கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் தங்கியிருப்பது ஊரின் மறுகோடியில். தினமும் டவுன் பஸ்ஸில்தான் வருவார்கள். ஆகவே அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் கண்டக்டர் தமிழ். பயிற்சி தொடங்க "போலாம், ரைட்." முடிக்க "இறங்கறவங்க இறங்கலாம்." யாராவது அரைகுறையாகச் செய்தால் "சில்லறை இல்லையா?" குட்டையவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான், "பரவாயில்லை." பசிக்கிறதா என்றாலும் பரவாயில்லை, மழை வருகிறது என்றாலும் பரவாயில்லை.

ஆண்கள் வகுப்பு பிரச்சினையில்லாமல் ஓடியது. பெண்கள் வகுப்பில்தான் சிக்கல். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், தையல் கம்பெனிப் பெண்கள், கல்லூரி மாணவிகள், மீன்கடை அக்கா என்று நிறையப் பேர் வந்தார்கள். ஆண்கள் காலைத் தவறாக வைத்தால் பிக்கு பிடித்துச் சரிசெய்வார். பெண்கள் தவறாக வைத்தால் தூரத்தில் நின்று காற்றில் கையை ஆட்டுவார். ஒன்றும் புரியாது. தொடாததைப் பார்த்துப் பலருக்கும் என்னைப் போலவே சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். இரண்டாவது வாரமே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீன்கடை அக்கா மட்டும் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏன் சாமி, நான் என்ன கரண்டா? தொட்டா ஷாக் அடிக்குமா?" நான் மொழிபெயர்க்காமல் முழித்தேன். பிறகு துணி விஷயத்தை எனக்குத் தெரிந்த மாதிரி அவரிடம் சொன்னேன், ஆபீசர் வீட்டம்மாவின் முகம் போன போக்கையும் சேர்த்து. அக்கா தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, "அப்ப அவருக்கு ஒரு கை வேணும், அவ்வளவுதானே? ஏ சாவிப் பொண்ணு, நீ வா" என்று என்னை மேஜையிலிருந்து பயிற்சிப் பாய்க்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத் தொடங்கியது. நெட்டையவர் குட்டையவர் மேல் செய்து காட்டுவார். நான் பார்த்து மீன்கடை அக்கா மேல் செய்வேன். நான் தப்பாகச் செய்தால் வாயால் திருத்துவார். எனக்குச் சரியாக வந்ததும் நான் வரிசையாகப் போய் ஒவ்வொருவரின் முழங்கையையும் இடுப்பையும் பாதத்தையும் தொட்டுத் திருத்துவேன். மற்றவர்கள் ஒரு தரம் கற்றதை நான் இருபது உடம்பில் கற்றேன். யாருக்குத் தோள் இறுக்கம், யார் விழப் பயப்படுகிறார்கள், யார் சிரித்து மழுப்புகிறார்கள் என்று என் கைக்கே தெரிய ஆரம்பித்தது. நின்றுபோன பெண்கள் திரும்பி வந்தார்கள்.

கையை ஒருவன் பிடித்தால் நாம் எல்லாரும் என்ன செய்வோம்? பின்னால் இழுப்போம். இழுத்தால் பலம் உள்ளவன்தான் ஜெயிப்பான். இவர்கள் வித்தை வேறு. பிடித்தவனை நோக்கி ஒரு அடி உள்ளே போக வேண்டும். அவன் எதிர்பார்க்காத இடம் அது. இதை அவர் எப்படிச் சொல்வார் தெரியுமா? "படியில நிக்காதீங்க. உள்ளே போங்க, உள்ளே போங்க. இடம் இருக்கு." முதலில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அதுதான் எங்களுக்கு மந்திரமாகிவிட்டது.

நிற்கும் முறை எனக்கு மட்டும் சீக்கிரமே வந்தது. முழங்கால் லேசாகத் தளர்ந்து, முதுகு நேராக, கால் விரல்கள் தரையைக் கவ்வி. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டுத் தூக்கோடு மார்க்கெட்டுக்கு வந்து உங்களுக்காகக் காத்திருப்பேனே, அப்போது லாரியிலிருந்து மூட்டை முதுகில் இறங்கும் நொடியில் நீங்கள் அப்படித்தான் நிற்பீர்கள். ஆனால் ஒன்று மட்டும் வரவில்லை. உள்ளே போகும்போது மூச்சை வெளியே விட்டு ஒரு சத்தம் போட வேண்டும். எனக்குக் குரல் எழும்பவே இல்லை. பூனை என்று நீங்கள் சும்மாவா பெயர் வைத்தீர்கள்? மீன்கடை அக்கா, "கத்துடி, தெருவுல நின்னு மீன் வித்துப் பாரு, தானா வரும்" என்பார். நெட்டையவர் என்னைப் பார்த்து "சில்லறை இல்லையா?" என்பார். எனக்கு அழுகைதான் வரும்.

இந்த நேரத்தில்தான் அரங்கத்தின் மேல் வேறொரு ஆள் கண் வைத்தார். நாற்காலி வாடகைக்கு விடுபவர். சாயங்காலம் பெண்கள் வகுப்பு நடக்கும் கூடத்தைத் தன் நாற்காலிகளை அடுக்கக் கேட்டார். பெண்களைத் தொடமாட்டேன் என்பவர் பெண்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்க முடியும், இது கண்துடைப்பு என்று மேலிடத்தில் மனுவும் கொடுத்தார். ஆபீசர் கெட்டவர் இல்லை. ஆனால் பூங்கொத்து விஷயம் வீட்டில் அவரை இன்னும் சும்மா விடவில்லை போலிருக்கிறது. கமிட்டி வந்து பார்க்கும், ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது கண்ணுக்குத் தெரிந்தால் வகுப்பு தொடரும், தெரியாவிட்டால் அன்றோடு சரி என்று சொல்லிவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாவி கொடுக்க வேண்டிய ஆள் பாயில் என்ன செய்கிறாய், உன் வேலையும் அதோடு சேர்த்துத்தான் பேசப்படும் என்றார். நான் வழக்கம்போல "ம்" என்றேன்.

வெளியே வந்தபோது நர்ஸ் அக்கா காத்திருந்தார். அவர் அதிகம் பேசாதவர். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து இருட்டில் நடந்து போகிறவர். "இது மூடிட்டா எனக்கு வேற இடம் இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி நான் கவலைப்பட்ட நேரம் குறைந்துவிட்டது.

கமிட்டி வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், டாக்டர் ஒருவர், ஆபீசர். நாற்காலிக்காரர் ஓரமாகத் தன் நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் விழுந்து காட்டினோம், கோல் சுற்றிக் காட்டினோம். எல்லாம் நன்றாகவே போனது. ஆனால் ஆபீசர், "இதெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசி வச்சுக்கிட்டு விழறது. நான் பிடிக்கிறேன், விடுவிச்சுக் காட்டட்டும்" என்று எழுந்துவிட்டார். ஆபீசர் ஒரு காலத்தில் குண்டு எறிதல் வீரர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. யார் வருகிறீர்கள் என்று கேட்டார். மீன்கடை அக்கா முந்தானையைச் செருகினார். தலைமையாசிரியை தடுத்தார். பிக்கு தொடாமல் கற்றுக்கொடுத்தாரா என்பதுதானே கேள்வி, அப்படியானால் அவரிடம் நேரடியாகக் கற்ற ஆள்தானே வரவேண்டும் என்றார். இருபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஆபீசர் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாய் மேல் வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்பா, அந்தப் பிடியில் என் கை காணாமலே போய்விட்டது. எனக்குக் கற்றதெல்லாம் மறந்தது. உடம்பு தானாகவே பின்னால் இழுக்கப் பார்த்தது. ஆபீசர் சிரித்தார். நாற்காலிக்காரரும் சிரித்தார். அப்போது ஓரத்திலிருந்து, ரொம்பச் சாதாரணமாக, நெட்டையவர் குரல் வந்தது: "படியில நிக்காதீங்க. உள்ளே போங்க. இடம் இருக்கு."

போனேன். முழங்கால் தளர்ந்தது. அதோடு என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஹப்!" பயிற்சியில் சொல்லித் தந்த சத்தம் இல்லை அது. மூட்டை முதுகில் விழும்போது நீங்கள் போடுவீர்களே, மார்க்கெட்டின் அந்தக் கோடியில் நின்றாலும் அப்பா லோடு இறக்குகிறார் என்று எனக்குத் தெரியுமே, அதே சத்தம். கூரைத் தகரம் அதிர்ந்தது என்று மீன்கடை அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். ஆபீசர் பாயில் மல்லாந்து கிடந்தார்.

குட்டையவர் மெதுவாகப் போய், ஆபீசரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, அன்போடு சொன்னார்: "பரவாயில்லை."

முதலில் சிரித்தது டாக்டர். அப்புறம் கூடமே சிரித்தது. ஆபீசரும் படுத்தபடியே சிரித்தார். அதை அவருக்குப் பெருமையாகவே சொல்ல வேண்டும். எழுந்து, இன்னொரு தடவை, இப்போது தயாராகப் பிடிக்கிறேன் என்றார். தயாராகப் பிடித்ததால் இன்னும் வேகமாக விழுந்தார். "எப்படிம்மா?" என்று உட்கார்ந்துகொண்டே கேட்டார். நான் சொன்னேன். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, காலை எங்கே வைக்க வேண்டும், இடுப்பை எப்போது திருப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பேசி முடித்த பிறகுதான் பேசியது நான் என்று உறைத்தது. தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இந்த வகுப்புக்கு உண்மையில் யார் பயிற்சியாளர், நீங்களா, இவளா என்று நெட்டையவரிடம் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நான் கண்டக்டர்" என்றார். "டிரைவர் அவங்க."

வகுப்பு நின்றுவிடவில்லை அப்பா. கூடம் எங்களுக்கே என்று உத்தரவு வந்துவிட்டது. பெண்கள் பிரிவுக்கு உதவிப் பயிற்சியாளர் என்று என்னைப் போட்டிருக்கிறார்கள், தற்காலிகம் என்ற வார்த்தை இல்லாமல். நர்ஸ் அக்கா தன்னோடு வேலை செய்யும் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்துவிட்டார். ஆபீசரின் மனைவியும் சேர்ந்திருக்கிறார். விழுவதற்குப் பயப்படுகிறார், சொல்லிக்கொடுத்து வருகிறேன். கமிட்டி வந்துபோன மறுநாள் சாவியை நான் மேஜையில் வைக்கப் போனபோது நெட்டையவர் தன் மஞ்சள் துணியை விரித்து, அதன் மேல் ஒரு கறுப்பு இடுப்புக் கச்சையை வைத்தார். மடத்திலிருந்து கொண்டு வந்தது. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். மீன்கடை அக்காதான், "இப்பவும் கையில குடுக்கல பாரு, பிடிவாதக்கார சாமி" என்றார். நெட்டையவருக்குப் புரிந்துவிட்டது. "சில்லறை இல்லை" என்றார்.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணம். நாலு பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் பட்டம் வாங்கிய அன்று, லோடு வந்துவிட்டது, வர முடியவில்லை என்று போன் செய்தீர்கள். சரி என்றேன். ஆனால் மாடி வராந்தாவிலிருந்து உங்களைப் பார்த்தேன் அப்பா. கேட்டுக்கு எதிரே மரத்தடியில், இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தீர்கள். உள்ளே போகிறவர்களின் காலணிகளைப் பார்த்தீர்கள். உங்கள் ரப்பர் செருப்பைப் பார்த்தீர்கள். மண்டபத்தில் கைதட்டல் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினீர்களாம், கீழே நின்ற தோழி பிறகு சொன்னாள். அந்தக் கைதட்டல்களில் என்னுடையது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில், எங்கள் வகுப்புக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பிக்குகளின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கற்று முடித்தவர் அந்த நாளில் முதலில் தன் வித்தையை வீட்டு மனிதர் ஒருவரிடம்தான் காட்ட வேண்டும். அவரைக் கும்பிட்டுவிட்டு, தன் கையைப் பிடிக்கக் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் யாராவது வருகிறார்கள். மீன்கடை அக்கா தன் மாமியாரைக் கூட்டி வருகிறார், அந்தக் கிழவிக்கு என்ன ஆகுமோ என்று எங்களுக்கெல்லாம் கவலை. நீங்கள் வந்து என் கையைப் பிடிக்க வேண்டும். கை கரடுமுரடாக இருக்கிறது, அழுக்காகிவிடும் என்று என் புத்தகத்தைக்கூட நீங்கள் தொட்டதில்லை. நான் புத்தகம் இல்லை, நன்றாக இறுக்கியே பிடிக்கலாம். விழுந்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள். விழவிடாமல் பிடித்துக்கொள்ளவும் கற்றிருக்கிறேன்.

சட்டைக்கோ செருப்புக்கோ அலைய வேண்டாம். எங்கள் கூடத்தில் வாசலிலேயே எல்லாரும் கழற்றித்தான் போட வேண்டும். ஆபீசரின் ஷூ, டாக்டரின் ஷூ, பிக்குகளின் தேய்ந்த செருப்பு எல்லாம் ஒரே குவியல்தான். உள்ளே எல்லாருமே வெறுங்கால்தான்.

வெளியே மரம் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. அங்கே நின்றுவிடாதீர்கள் அப்பா. உள்ளே வாங்க. இடம் இருக்கு.

உங்கள் சத்தத்தைக் கடன் வாங்கிய மகள்,
பூனை